வெளிச்சம் கொஞ்சம் வாங்கிப் போங்க

கவிஞர்: அந்தப் பச்சையை வைங்க அத்தான். அதைப் போர்த்தினா எங்கம்மா மேஜை விரிப்பு மாதிரி இருப்பாங்க.

அத்தான்: சாம்பல்?

கவிஞர்: தூசி தெரியாது. உங்க வீட்டு சோபாவுக்கு வேணா வாங்கிக்குங்க.

அத்தான்: மாமியாருக்கு ஒரு சால்வை... ஒரு மணி நேரம்! கவிஞரைக் கடைக்குக் கூட்டிட்டு வந்த என் புத்தியை...

கவிஞர்: யாரு, நீங்களா கூட்டிட்டு வந்தீங்க? அக்கா இருந்தப்போ நாம ரெண்டு பேரும் பை தூக்க வந்தோம். அவ போனதுக்கப்புறம் வருஷக் கடைசி லீவுன்னா நான்தான் உங்களை இழுத்துட்டு வர்றேன்.

அத்தான்: நீ வர்றது பாட்டுக்கு.

கவிஞர்: ஆமா, பாட்டுக்குத்தான். மறைக்கல... ஷ்! மறுபடி ஆரம்பிக்குது. 'வாங்க வாங்க வாசல் தாண்டி, வெளிச்சம் கொஞ்சம் வாங்கிப் போங்க...' நான் எழுதினதுல அக்கா பாடினது மட்டும்தான் கவிதை மாதிரி இருக்கு.

அத்தான்: கடை விளம்பரப் பாட்டும்மா அது.

கவிஞர்: இருக்கட்டுமே. ஏன் அத்தான், கடையில எதுக்குப் பாட்டுப் போடறாங்க தெரியுமா? நாம கேக்கறதுக்கில்ல. கால் மெதுவாகணும்னு. கால் மெதுவானா கை தானா நீளும். கவிதையும் அந்த வேலையைத்தான் செய்யுது. என்ன, கடைசியில பை காலியா இருக்கும்.

அத்தான்: அதான் உன் புக்கு விக்கல.

கவிஞர்: போட்டுட்டீங்களே ஒரு போடு! ஆமா, வந்ததுலேருந்து கோட்டுப் பையிலேருந்து கையை எடுக்கவே மாட்டேங்கிறீங்க? இந்தக் கூட்டத்துல உங்க பர்ஸை யாரு அடிப்பா? அடிச்சவன் பாவம்.

அத்தான்: குளிருது.

கவிஞர்: உள்ள புழுங்குது. குளிருதாம்!

விற்பனைப் பெண்: சார், ரெண்டு சால்வையும் ஒண்ணா சுத்தணுமா, தனித்தனியாவா?

கவிஞர்: ரெண்டா? நாங்க ஊதாவை மட்டும்தானேம்மா...

விற்பனைப் பெண்: சார் முதல்லயே ஒரு மஞ்சள் எடுத்து வைக்கச் சொன்னாரே மேடம். விலைச்சீட்டைக் கிழிச்சுட்டு.

அத்தான்: அது... ஆபீஸ்ல ஒருத்தங்களுக்கு.

கவிஞர்: ஓ. ஆபீஸ்ல ஒருத்தங்க.

அத்தான்: கணக்குப் பிரிவுல இருக்காங்க. நல்ல மாதிரி.

கவிஞர்: நான் கேக்கவே இல்லையே.

அத்தான்: லீவு முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். உங்கம்மாகிட்ட முதல்ல சொல்லணும், அப்புறம் உன்கிட்ட...

கவிஞர்: எங்கம்மாவுக்குத் தெரியாம எது நடந்திருக்கு? போன மாசமே என்கிட்ட, 'மாப்பிள்ளை சட்டையை இஸ்திரி போட்டுக்கறார், கவனிச்சியா?'ன்னாங்க. பண்ணிக்குங்க அத்தான். எனக்குக் கோபமில்ல. அழுகை வந்தா அது வேற கணக்கு.

அத்தான்: நீ இப்படிப் பேசுவேன்னு நினைக்கல.

கவிஞர்: ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாட்டை நிறுத்தச் சொல்லிடாதீங்க. அவங்களையும் இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வருவீங்க, சங்கடமா இருக்கும், புரியுது. ஆனா போட்டோவுல அக்கா பேச மாட்டேங்கிறா அத்தான். இங்க மட்டும்தான் அவ வாயைத் திறக்கறா.

அத்தான்: ...ம்.

கவிஞர்: 'ம்'னா? சொல்ல மாட்டீங்கதானே?

அத்தான்: இனிமே சொல்ல மாட்டேன். வா, பில்லைப் போட்டுட்டுக் கிளம்பலாம்.

கவிஞர்: என்ன அவசரம்? ஏம்மா, இந்தப் பாட்டைக் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொல்ல முடியுமா?

விற்பனைப் பெண்: பாட்டா மேடம்? நாளெல்லாம் இங்கயே நிக்கிறோம்... எங்க காதுல எதுவும் ஏறறதில்ல.

கவிஞர்: பாத்தீங்களா, இத்தனை கூட்டத்துல ஒருத்தர் கூடத் தலையைத் தூக்கிப் பாக்கல. அக்கா தொண்டைத்தண்ணி வத்தப் பாடறா... அத்தான், ஒண்ணு கவனிச்சீங்களா?

அத்தான்: என்ன?

கவிஞர்: 'வெளிச்சம்'கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பாளே, பாட்டு வாத்தியார் கூடத் திட்டுவாரே... இந்த வருஷம் அது இல்ல.

அத்தான்: மெஷின்ல போட்டு சுத்தம் பண்ணியிருப்பாங்க.

கவிஞர்: அந்த ஒரு இடம் மட்டுமில்ல. எங்கயுமே மூச்சு எடுக்காமப் பாடறா.

அத்தான்: கிளம்பலாம் வா.

கவிஞர்: இருங்க! கேளுங்க... கேட்டுச்சா? கேட்டீங்களா இப்போ?

அத்தான்: கூட்டத்துல யாரோ...

கவிஞர்: 'கடைசியாகப் போறவங்க விளக்கணைச்சுப் போங்க.' மூணாவது வரி அத்தான்! மேனேஜர் வெட்டின வரி. 'கடையை மூடச் சொல்றதுக்கா உனக்குப் பாட்டெழுதக் குடுத்தேன்'னு குதிச்சாரே! அது ரெக்கார்ட் ஆகவே இல்ல. அன்னிக்கு ராத்திரி நம்ம சமையல்கட்டுல அவ ஒரு தடவை பாடிக் காட்டினா, நாம மூணு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அவ்வளவுதான். வேற யாருக்குமே தெரியாது.

அத்தான்: உனக்கும் கேட்டுச்சா?

கவிஞர்: 'உனக்கும்'னா... அத்தான், முதல்ல அந்தக் கையை வெளிய எடுங்க. என்ன அது பையில?

அத்தான்: காலையிலேயே வந்து மேனேஜரைப் பாத்துப் பாட்டை நிறுத்தச் சொல்லிட்டேன்மா. ஒரே சிடிதான், வேற காப்பி இல்லன்னு அதை என் கையிலேயே குடுத்துட்டார்... இந்தா.