சுவீடன் படத்தில் பொங்கிய பால்

மகா: ...அந்தா, பால் பொங்கி வழியுது பாருங்க! பக்கத்துலயே நிக்கான், அடுப்ப அணைக்கத் தெரியலையே!

இசக்கிதுரை: கோட்டு போட்டுக்கிட்டா பால் காய்ச்சுவான்?

மகா: சுவீடன்ல குளிருல்லா. ரொம்பப் பழைய படமாம். எங்க ஓட்டல் மேனேஜர் அம்மு சேச்சி பென்டிரைவ்ல போட்டுத் தந்தாவ.

இசக்கிதுரை: கலரும் இல்ல, சண்டையும் இல்ல. ஞாயித்துக்கிழமைதான் நான் வீட்டுல...

மகா: இப்ப சிரிச்சது யாரு?

இசக்கிதுரை: அது... அவன் மூஞ்சியப் பாத்து வந்துட்டு. சரி, பொண்டாட்டி என்ன சொல்லுதா? கீழ மலையாளத்துல ஓடுதே, அதைப் படி.

மகா: இருங்க... "இத்தனை வருசமா நான் பால் காய்ச்சுதேன், ஒரு நாளாவது பொங்க விட்டேனா?"ன்னு கேக்கா.

இசக்கிதுரை: அவன்?

மகா: "இல்ல தாயி"ங்கான்.

இசக்கிதுரை: தாயியா? சுவீடன்காரனா?

மகா: "மோளே"ன்னு, மகளேன்னு, போட்டிருக்கு. நான் நம்ம பேச்சுல சொல்லுதேன்.

இசக்கிதுரை: சரி, அந்தச் சாயாவ இப்படி நவுத்து...

மகா: ஷ்ஷ்! அந்தம்மா தொப்பிய மாட்டுதா. "எனக்கு ஓட்டல்ல சமையல் வேலை கெடச்சிருக்கு. விடியுமுன்ன போவணும்"ங்கா.

இசக்கிதுரை: ...அங்கயும் ஓட்டலா?

மகா: ஊருக்கு ஊர் ஓட்டல் இருக்காதா?

இசக்கிதுரை: நம்ம வீட்டுல ஒரு மாசமா ஓடுற சண்டைய அவன் அப்பவே எப்படிட்டி படம் புடிச்சான்?

மகா: எல்லா வீட்டுலயும் உள்ளதுதான. ஃபோர்ட் கொச்சிக்குப் போயி ரூம் கூட்டுனா உங்களுக்குச் சம்மதம். அதே ஓட்டல்ல அடுக்களைய நீ பாருன்னு கூப்புட்டா மட்டும் ஆகாது.

இசக்கிதுரை: ஆகாதுன்னா சொன்னேன்? காலைல பிள்ளைய யாரு பள்ளிக்கூடத்துக்குக் கெளப்புறது? நான் வைட்டிலாவுல கட்டட சைட்டுக்குப் போனா எனக்குச் சோறு யாரு கட்டுறது? அதுதான...

மகா: அவனும் அதையேதான் கேக்கான். "என் சோத்துக்கு என்ன வழி?"

இசக்கிதுரை: அவ?

மகா: "உங்க கை எங்க போச்சு?"

இசக்கிதுரை: ஹஹ... பொல்லாதவதான். அவன் தலையச் சொறியுதான் பாரு.

மகா: "சரி போ, நான் பாத்துக்கிடுதேன்"ங்கான்!

இசக்கிதுரை: வாய் அம்புட்டு நேரம் அசைஞ்சுது. நீ நாலு வார்த்தைல முடிச்சிட்ட?

மகா: அவங்க பாசைல வார்த்தையெல்லாம் நீளம்.

இசக்கிதுரை: ம்... படிக்கத் தெரிஞ்சவ, நீ சொன்னா சரிதான்.

மகா: அவன் ஒத்துக்கிட்டான். நீங்க?

இசக்கிதுரை: நானா...

மகா: அவன் பாலையே பொங்க விட்டவன். நீங்க கல்யாணத்துக்கு முந்தி சைட்டுல கூட்டத்துக்கே சமைச்ச ஆளு.

இசக்கிதுரை: ...சரி. போ.

மகா: என்னது?

இசக்கிதுரை: போன்னேன். பிள்ளைய நான் கெளப்புதேன். சோறும் நானே வடிச்சுக்கிடுதேன்.

மகா: நெசமாவா? நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது!

இசக்கிதுரை: மாற மாட்டேன். சேச்சிக்குப் போனப் போடு.

மகா: போட்டாச்சு! ...சேச்சி, நான் மகா. சம்மதிச்சு சேச்சி, சம்மதிச்சு! நாளைக்கே வாரேன்! அடுக்களை இனி என்னோடது!

இசக்கிதுரை: மதி, மதி! போதும்ட்டி, மட்டாஞ்சேரிக்கே கேக்கும்.

மகா: கேக்கட்டுமே! ஜெயிச்சிட்டேம்லா! ...ஏங்க, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படக் கூடாது.

இசக்கிதுரை: சொல்லு.

மகா: படத்துல அவ வேலைக்குப் போறேன்னு சொல்லவே இல்ல. நானாத்தான் மாத்தி மாத்தி...

இசக்கிதுரை: தெரியும்ட்டி. "தங்கச்சி வீட்டுக்குப் போறேன், நாய்க்குச் சோறு வை"ன்னா. "எப்ப வருவ, எப்ப வருவ"ன்னு அவன் அழுதான். சைட்டுல ரமேஷ்பாபு சேட்டன்கிட்ட நான் மலையாளம் படிக்கப் பழகி ரெண்டு மாசமாச்சு. நீ வாசிச்சுச் சொன்னா கேக்க நல்லாருக்குன்னு உன்கிட்ட மூச்சு விடல. அந்தத் தொப்பிக்காரிக்கு நான் எதுக்குச் சரி சொல்லப் போறேன்? கேட்டது நீயின்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.