ஆமாம், எங்கள் வண்டிதான்

எனக்குப் பாட வராது. ஆனாலும் என் குரல் நன்றாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலையில் என்னைச் சேர்த்துக்கொண்டதே அதற்காகத்தான். வீடு பற்றி எரிகிறது என்று அலறுகிறவர்கள்கூட என்னிடம் இரண்டு வார்த்தை பேசினால் அடங்கி, தெருப்பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். "உங்ககிட்ட பேசினா திருடனே தானா வந்து உட்கார்ந்துடுவான்" என்று மேலதிகாரி ஒருமுறை கேலி செய்தார். நிதானமாகச் சொல்லச் சொன்னீர்கள், ஐயா. நிதானம் எனக்குக் கஷ்டமே இல்லை.

சின்னவனைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவன் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. சோறு ஊட்டி, தலை வாரிவிட்டு, பள்ளிக்கூடத்தில் அவனுக்காகத் திட்டு வாங்கி ஆளாக்கியவள் நான். கல்யாணப் பேச்சை எடுக்கிறவர்களிடம், "பெறாமலே ஒண்ணை வளர்த்தாச்சு, இன்னும் எதுக்கு" என்று சொல்லி வாயடைப்பேன். அவனுக்குப் போலீஸ் வேலை கிடைத்த அன்று தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னேன். பைத்தியம் என்றுகூட நினைத்திருப்பார்கள்.

அவனுக்கு ஒரு சாம்பல் நிறக் காரைக் கொடுத்திருந்தார்கள். மேலே விளக்கு கிடையாது, பக்கத்தில் எழுத்து கிடையாது. கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர்களைப் பிடிப்பதற்கான வண்டி அது. முன் கண்ணாடிக்குள் ஒரு நீல விளக்கு இருக்கும். அதை மின்னவிட்டால் முன்னால் போகிறவர் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும்.

தையல் கடை நடத்தும் ஓர் அம்மாள்தான் முதலில் கூப்பிட்டார். சாம்பல் நிறக் கார் ஒன்று தன்னை நிறுத்தியதாகவும், லைசென்ஸ் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தன்னை அதற்குள் உட்காரவைத்ததாகவும், சோதனை என்று அந்த ஆள் தன்மேல் கை வைத்ததும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்ததாகவும் சொன்னார். வண்டி எண்ணையும் நினைவு வைத்திருந்தார். அது சின்னவனின் வண்டி. நான் அவரிடம், அது எங்கள் வண்டியே இல்லை, போலீஸ் வேஷம் போட்ட எவனோ ஒருவன், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன். வாய் கூசவில்லை.

வீட்டுக்குப் போனபோது சின்னவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கேட்டேன். தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "இனிமே இல்லக்கா" என்றான். என் தலையில் கை வைத்துச் சத்தியமும் செய்தான். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவனுக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினேன்.

கொஞ்ச நாள் கழித்து இன்னொருத்தி கூப்பிட்டாள். அவளுக்கும் அதே பதில்தான். இரண்டு பேர் சொன்னதும் ஊரெல்லாம் போலிப் போலீஸ் திரிகிறான் என்று பேச்சுக் கிளம்பிவிட்டது, பத்திரிகையிலும் வந்தது. மேலதிகாரிகள் கூடிப் பேசினார்கள். அலுவலகம் அலுவலகமாகப் போய்ப் பெண்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். யாரை அனுப்புவது என்று யோசிக்கவே இல்லை. என்னைத்தான் அனுப்பினார்கள்.

வகுப்பை நான் நன்றாகவே எடுத்தேன். பின்னால் வருவது எழுத்தில்லாத கார், நிறுத்தச் சொல்கிறது என்றால் பதறாதீர்கள் என்பேன். வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பக்க விளக்கையும் மின்னவிடுங்கள், நீங்கள் தப்பி ஓடவில்லை என்று அவருக்குத் தெரியட்டும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம்வரை மெதுவாகப் போங்கள். கதவைப் பூட்டியே வைத்திருங்கள், அடையாள அட்டையைக் கண்ணாடி வழியாகவே பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்பீக்கரில் போட்டு எங்களைக் கூப்பிட்டு வண்டி எண்ணைச் சொல்லுங்கள். எங்கள் வண்டியா இல்லையா என்று நாங்கள் சொல்லிவிடுவோம். இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை, ஐயா. உங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அந்த அழைப்புகளெல்லாம் ஒரே மேஜைக்கு வரட்டும், ஆளுக்கொரு பதில் சொன்னால் குழப்பம் என்று யோசனை சொன்னதும் நான்தான். அந்த மேஜை என்னுடையது, சின்னவனுக்கும் அது தெரியும். சின்னவன் மறுபடி தவறினால் முதலில் என் காதுக்கு வரட்டும், நான் கண்டித்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன். பெற்றவர்கள் அப்படித்தானே நினைப்பார்கள்.

பலரும் கூப்பிட்டார்கள். வயர்லெஸ்ஸில் விசாரித்துப் பதில் சொன்னேன். ஒருவருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அன்று சாயங்காலம் நல்ல மழை. பக்கத்து நாற்காலிக்காரர் தலைவலி என்று முன்னதாகவே கிளம்பிவிட்டார். அவள் கூப்பிட்டாள். பல் டாக்டர் ஒருவரிடம் உதவியாளராக இருப்பவள். என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள்.

"மேடம், எங்க கிளினிக்குக்கு வந்து சொல்லிக்கொடுத்தது நீங்கதானே? நீங்க சொன்ன மாதிரியேதான் செஞ்சிட்டிருக்கேன்."

வேகத்தைக் குறைத்திருந்தாள். விளக்கு மின்னுகிற டிக் டிக் சத்தம் எனக்குக் கேட்டது. கதவு பூட்டியிருப்பதாகச் சொன்னாள். வண்டி எண்ணை அவள் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜைமேல் இருந்த என் கைபேசியில் சின்னவனிடமிருந்து செய்தி வந்து விழுந்தது. "அக்கா, முன்னாடி போறவ உங்கிட்டதான் பேசிட்டிருப்பா. நிக்கச் சொல்லு."

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எங்கள் வண்டி இல்லை என்று சொன்னால் ரோந்து வண்டியை அனுப்ப வேண்டும். ரோந்துக்காரர்கள் போய்ப் பார்த்தால் அங்கே சின்னவன் நிற்பான். பழைய இரண்டு புகாரும் வெளியே வரும். வேலை போகும், ஜெயிலுக்குப் போவான். எங்கள் வண்டிதான் என்று சொன்னாலோ, அது உண்மை. முன்பு இரண்டு தடவை பொய் சொன்னேன், அப்போது என்னை யாரும் கேட்கவில்லை. உண்மை சொன்ன தடவைதான் என்னை இங்கே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறீர்கள்.

"ஆமாம்மா, எங்க வண்டிதான்" என்றேன்.

கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே போய் நிறுத்தட்டுமா என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஆனால் பங்கில் கேமரா இருக்கும்.

"வேண்டாம்மா. அவர் காட்டுற இடத்துலயே நிறுத்துங்க. கதவைத் திறந்துவிடுங்க."

டிக் டிக் சத்தம் நின்றது. "லைன்ல இருக்கீங்களா மேடம்?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தேன். எங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் பதிவாகும். அதற்குமேல் எதுவும் பதிவாக வேண்டாம் என்று தோன்றியது. அதுவரைக்கும் உள்ளதைத்தான் நீங்கள் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்து ஒரு பெரியவர், நாயைக் காணோம் என்றார். நாயின் நிறம், வயது எல்லாம் விசாரித்துப் பொறுமையாகப் பதில் சொன்னேன். வேலை முடிந்து கிளம்பும் சமயத்தில் ஓர் அம்மா கூப்பிட்டார். மகள் கிளினிக்கிலிருந்து இன்னும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை என்றார். மழைக்கு எங்காவது ஒதுங்கியிருப்பாள், வந்துவிடுவாள் என்று தைரியம் சொன்னேன். "உங்ககிட்ட பேசினதும்தாம்மா மூச்சே வருது" என்றார் அந்த அம்மா.

வீட்டுக்குப் போனால் சின்னவன் குளியலறையில் தன் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். அவன் சட்டையை அவனே துவைத்து நான் பார்த்ததில்லை. பிழிந்து கொடுத்ததை வாங்கிக் கொடியில் போட்டேன். மறுநாள் காலையில் மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால் அவளைக் கண்டெடுத்தார்கள். உயிர் இல்லை.

வருத்தம் இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லாமல் இருக்குமா? அவளை நிறுத்தச் சொன்னது நான்தான், கதவைத் திறக்கச் சொன்னதும் நான்தான். அவன் யார், என்ன செய்வான் என்று தெரிந்துதான் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூப்பிட்டபோது அவள் குரல் எப்படி நடுங்கியது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எங்கள் வண்டிதான் என்று நான் சொன்னதும், "அப்பாடா" என்று சிரித்தாள், நன்றி சொன்னாள். கதவைத் திறக்கும்வரை அந்தப் பெண் பயமே இல்லாமல் இருந்தாள். அந்த நிம்மதியாவது அவளுக்குக் கிடைத்ததே, அது என்னால்தான்.