ஒரே தடவை சொல்கிறவர்

சிரம்பான் பசாரில் மீன் வாங்குவது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், இன்ஸ்பெக்டர். பார்த்தாலே தெரிகிறது, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிற முகம் உங்களுக்கு. மீன்காரன் முதலில் சொல்வது விலையே அல்ல. தொண்டையைச் செருமிக்கொள்கிறான், அவ்வளவுதான். நீங்கள் மீனைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டும். நாலடி நடக்க வேண்டும். அவன் கூப்பிடுவான். கூப்பிடாவிட்டால் அந்த விலை நிஜம். திரும்பிப் போய்க் கொடுத்துவிட வேண்டியதுதான்.

நான் பேசக் கற்றதே எங்கள் வட்டிக்கடைக் கிட்டங்கியில், பேரம் கேட்டுக் கேட்டுத்தான். பெண் பார்ப்பதிலிருந்து பல் பிடுங்குவதுவரை எங்கள் வீட்டில் எதுவும் முதல் சொல்லில் முடிந்ததில்லை. என் அப்பா முருகனுக்கு நேர்ந்துகொள்ளும்போதுகூட முதலில் குறைத்துத்தான் சொல்வார். முருகன் சும்மா இருந்தால் அதோடு சரி.

நீங்கள் என்னைக் கூப்பிட்டு அனுப்பவில்லை, நானாகத்தான் வந்தேன். டாக்டர் அமிர்தலிங்கம் இறந்ததற்கு ஆஸ்துமா என்று காரணம் எழுதி மூடிவிட்டீர்களாம். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்குமுன் அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் மகன். வெளிநாட்டில் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பாக்டீரியா டாக்டர். ஓர் உயிரின் மரபணுவிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் பாக்டீரியாவுக்குள் சேர்த்துவிட்டால், அது தன் பிழைப்பை விட்டுவிட்டு நமக்கு வேண்டிய என்சைமைச் செய்துகொண்டே இருக்கும் என்றார். துணியில் படிந்த இரத்தம், பால், மீன்குழம்பு எல்லாவற்றையும் அந்த என்சைம் கரைத்துவிடும். சலவைத்தூள் கம்பெனிகள் வரிசையில் நின்று வாங்கும்.

"சாப்பாடு என்ன போடணும் அதுகளுக்கு?" என்று கேட்டேன்.

"சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு போதும், செட்டியார்."

சங்கம் வைக்காத, லீவு கேட்காத கூலிகள் கோடிக்கணக்கில் என் தொட்டியில் என்று நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே உடம்பு சிலிர்த்தது. துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த ஓர் எஸ்டேட்டில், ரப்பர் ஷீட் உலர்த்தின பழைய புகைக்கூடத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கினேன்.

அவர் கேட்ட சாமான்கள் மூன்று. பாக்டீரியா வளர்க்க ஓர் எஃகுத் தொட்டி. வடித்த குழம்பைக் காயவைக்க ஓர் உலர்த்தி. காய்ந்த தூளுக்கு மெழுகு பூசிக் கடுகு கடுகாக உருட்டித் தரும் ஓர் இயந்திரம். முதல் இரண்டும் இல்லாமல் சரக்கு இல்லை, சரி. மூன்றாவது எதற்கு என்றேன்.

"தூளா இருந்தா பறக்கும். மூச்சுல போனா நெஞ்சைக் கெடுத்துடும். அந்த மெஷின் வேணும், செட்டியார்."

விலையைக் கேட்டேன். சொன்னார். முகத்தைச் சுளித்தேன். இரண்டாவது தடவை சொல்வார் என்று காத்திருந்தேன். மனிதர் கோப்பியைக் குடித்து முடித்தார், எழுந்து போய்விட்டார். இதற்கு என்ன அர்த்தம், நீங்களே சொல்லுங்கள். உயிர் போகிற விஷயமாக இருந்தால் ஒருவர் மேசையைத் தட்ட மாட்டாரா? இயந்திரத்துக்குப் பதிலாகத் துணி முகமூடிகளுக்கு ஏற்பாடு செய்தேன். என் மனைவி சிட்டாளே உட்கார்ந்து தைத்தாள். நான் முடித்த நல்ல பேரங்களில் அது ஒன்று.

பொட்டலம் கட்டுகிற கொட்டகையைச் சிட்டாள்தான் பார்த்துக்கொண்டாள். சம்பளத்துக்கு வந்த மேற்பார்வையாளன் கடிகாரத்தைப் பார்ப்பான். வீட்டு ஆள் சரக்கைப் பார்ப்பாள். எஸ்டேட்டுப் பெண்களோடு அவளும் தரையில் உட்கார்ந்து தூளை அள்ளிக் கட்டினாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. சிரம்பான் வீட்டில் அவளிடம் யாரும் தமாஷ் பேசமாட்டார்கள். அங்கே மங்கம்மா என்று ஒருத்தி இருந்தாள், ரப்பர் பால்மரம் வெட்டிய கை, வாய் அதைவிடக் கூர்மை. ஒருநாள் சொன்னாளாம்:

"ஆச்சி, பறக்கிறது தூள் இல்ல லா, செட்டியார் காசு! வாயைத் தொறந்து முழுங்கிடுங்க, வீட்டுக் காசு வீட்டுலயே கெடக்கட்டும்!"

சிட்டாள் சிரித்த சிரிப்பில் முகமூடியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டதாம். இரவு சாப்பாடு போடும்போது அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தாள். சிரிப்பு முடிகிற இடத்தில் இருமினாள்.

மற்ற பெண்களும் இருமினார்கள். பாஞ்சாலை என்ற பெண் மூச்சு வாங்குகிறது என்று வேலையை விட்டு நின்றாள். பிறகு அவள் இறந்துபோனதாகக் கேள்வி. அது வேறு விஷயம், அதை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

அமிர்தலிங்கத்துக்கும் வந்தது. பையில் மூச்சு மருந்துப் பம்ப் இல்லாமல் அவர் நடமாடுவதில்லை; கொட்டகைப் பக்கம் தலை வைத்தும் படுப்பதில்லை. ஒருநாள் என் கடை வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்:

"ஆச்சிய அங்க உக்கார வைக்காதீங்க. உடம்பு முதல்ல இதைப் பழகிக்கும், அப்புறம் பகையாக்கிக்கும். பகையாயிடுச்சுன்னா ஒரு சிட்டிகை போதும்."

ஒரே தடவை. நான் பதில் யோசிப்பதற்குள் மோட்டாரைத் திருப்பிவிட்டார்.

தீபாவளிக்கு முந்திய வாரம் சிட்டாள் போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ராசா ரோட்டில், காருக்குள். கண்ணாடியை இறக்குங்கள் என்று கேட்டாள். கண்ணாடி ஏற்கெனவே இறங்கித்தான் இருந்தது.

துக்கத்துக்கு வந்த அமிர்தலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொன்னேனே, செட்டியார்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் என் அக்கா ஆவுடையம்மைக்குக் கேட்டுவிட்டது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். காரியங்கள் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அந்தப் பார்வை என் வீட்டில்தான் இருந்தது.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். விஷயம் தெரிந்தவர் யார்? அவர். பாக்டீரியாவைச் செய்தவர் யார்? அவர். தெரிந்திருந்தும் காற்றுவாக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பிக்கொண்டு போனவர் யார்? என் காலைப் பிடித்துக் கெஞ்சியிருந்தால் நான் கேட்டிருக்க மாட்டேனா? என் மனைவியின் உயிருக்கு அவர் ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவு செய்யவில்லை, இன்ஸ்பெக்டர். அதற்குப்பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவசரப்படவில்லை. நல்ல மழைநாள் ஒன்று வரட்டும் என்று இருந்தேன். மழையில் கார்க் கண்ணாடியை யாரும் இறக்கமாட்டார்கள். டிரைவர் ஆறுமுகத்துக்கு லீவு கொடுத்தேன். தம்பின் ஊரில் பெரிய ஆர்டர் ஒன்று பேச வேண்டும், நீங்களும் வாருங்கள் என்று அமிர்தலிங்கத்தைக் கூப்பிட்டேன். கொட்டகையிலிருந்து கொஞ்சம் தூள் எடுத்துக் காரின் ஏர்கான் வாயில் முந்தின நாளே போட்டு வைத்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகாது. நான் அந்தக் கொட்டகைக்குள் உட்கார்ந்தவன் இல்லையே. என் உடம்புக்கு அதோடு பழக்கமும் இல்லை, பகையும் இல்லை.

வழியில் லிங்கியில் கோப்பிக்கு இறங்கினோம். ஏர்கானைப் போடாமலே அதுவரை ஓட்டினேன், வெயில் இல்லாததால் அவர் கேட்கவுமில்லை. நனைந்துவிடும் என்று மேல்கோட்டைக் காரிலேயே கழற்றிப் போட்டுவிட்டுக் குடைக்குள் ஓடினார். பம்ப் அந்தக் கோட்டுப் பையில் இருந்தது. பிறகு என் பையில் இருந்தது.

செம்பனைக் காட்டுக்குள் போனதும் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஏர்கானைப் போட்டேன். அவர் தும்மினார். கண்ணைக் கசக்கினார். என்ன நடக்கிறது என்று நான் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே அவருக்குப் புரிந்துவிட்டது, படித்தவர் அல்லவா. கோட்டுப் பையைத் துழாவினார். நான் காரை ஓரமாக நிறுத்தி, பம்ப்பை எடுத்துக் காட்டினேன். கதவுகளின் பூட்டு என் பக்கத்தில் இருந்தது.

"பம்ப்பைக் குடுங்க, செட்டியார்."

"தர்றேன். சிட்டாளைக் கொன்னது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொன்னதும் தர்றேன்."

நியாயமான விலை. அவர் தர ஒரு வார்த்தை, நான் தர ஒரு பம்ப். அவர் கண்ணாடியைக் கையால் அடித்தார். உதடு நீலமாக மாறிக்கொண்டிருந்தது. என் முகத்தையே பார்த்து, இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, "மெஷின்..." என்றார்.

சம்பந்தமில்லாத பேச்சு. பேரத்தில் தோற்கிறவர்கள் பழைய கதையை இழுப்பது வழக்கம். நான் முகத்தைச் சுளித்துவிட்டு, வைப்பர் போய் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இயந்திரமா? இல்லை, இன்னும் வாங்கவில்லை. கொட்டகையை இப்போது மங்கம்மா பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் இருமல்தான்.

ஆஸ்துமா என்று நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரே ஒரு மனக்குறை. சிட்டாளுக்கும் அதே சொல்லைத்தான் எழுதினார்கள். இரண்டு சாவும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது பாருங்கள். ஒன்று அவர் செய்தது, மற்றது நான் செய்தது. ஊர் அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நான் பழிவாங்கியது விலைபோகாத சரக்காகக் கிடந்துவிடும். ஆவுடையம்மைக்கும் தெரிய வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள்: உடையப்பன் ஆகிய நான்தான் செய்தேன்.

ஆனால் கல்நெஞ்சன் என்று எழுதிவிடாதீர்கள். பம்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் காத்திருந்தேன், இன்ஸ்பெக்டர், கடைசிவரை காத்திருந்தேன். அவர் ஒரே தடவைதான் கேட்டார். உண்மையிலேயே வேண்டியிருந்தால் இன்னொரு தடவை கேட்டிருக்க மாட்டாரா?