பிழைதிருத்தச் சீட்டு

இந்த நாலாவது மாடிக்கு நான் படியேறித்தான் வந்தேன். உங்கள் காவலர் லிஃப்டின் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏறுங்க பெரியவரே, மூட்டு தேய்ஞ்சிடப்போகுது" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவரையும் படியில் வரச் சொன்னேன், கேட்கவில்லை. நான் மூச்சு வாங்க மேலே வந்து சேரும்வரை, அவர் முழுசாக வெளியே வந்திருப்பாரா என்பதே என் கவலையாக இருந்தது. வந்திருந்தார். கையில் டீகூட வைத்திருந்தார்.

நாற்காலியைக் கொஞ்சம் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொள்கிறேன் சார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார எனக்கு ஆகாது. அதை மாட்டியவர் எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று நமக்குத் தெரியாது.

நீங்கள் கேட்பது ஒரே ஒரு எண்ணைப் பற்றி. குழந்தை மருத்துவக் கையேட்டில், வலிப்பு மருந்துகளின் அட்டவணையில், ஒரு தசமப் புள்ளி ஓரிடம் தள்ளிப் போனது எப்படி என்று கேட்கிறீர்கள். அந்த எண்ணை நம்பி ஊசி போட்டதில் ஒரு சின்னப் பெண் இறந்துபோனாள். புத்தகத்தை எழுதிய டாக்டரம்மாவைக் கீழே உட்கார வைத்திருக்கிறீர்கள். வரும்போது பார்த்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "சார், நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு நியாயம் விளங்கும்.

எங்கள் பதிப்பகம் கதை, கவிதை போடுவதில்லை. வேலை செய்கிறவர்கள் கைப்பக்கத்தில் வைத்துக்கொள்ளும் புத்தகங்கள்தான். கொதிகலன் பராமரிப்பு, கோழி நோய்கள், செயற்கைப் பல் கட்டுவது, வீட்டு மின்கம்பி இணைப்பு, லிஃப்ட் பழுதுபார்த்தல், பாலங்களுக்குக் கான்கிரீட் போடுவது. எழுதுகிறவர்கள் அந்தந்தத் துறையில் கரைகண்டவர்கள். எல்லாம் தெரியும், எழுதத்தான் தெரியாது. அவர்கள் கொடுப்பதை மனிதர் படிக்கிற மாதிரி ஆக்கி, எண்களைச் சரிபார்த்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. "உலகத்துல இருக்கற அத்தனை வேலையும் இவருக்குத் தெரியும், வீட்டுல பல்பு மாத்த மட்டும் நான் ஸ்டூல்ல ஏறணும்" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். அது உண்மைதான். ஆனால் எண் என்று வந்துவிட்டால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். "இவரைத் தாண்டி ஒரு பிழை போகாது" என்று முதலாளி என்னைக் காட்டிப் பெருமை அடித்துக்கொள்வார்.

அப்படிக் கண் நோகப் பார்த்து நாங்கள் போட்ட புத்தகங்களை ஒருவர் நோகாமல் நகல் எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். தொழிலில் அவருக்குக் கார்பன் என்று பெயர். எங்கள் புத்தகம் கடைக்குப் போன சூட்டோடு அவருடைய புத்தகமும் வந்துவிடும். அட்டையின் நிறமும் எழுதியவர் பெயரும்தான் மாறியிருக்கும். வழக்குப் போட்டோம். அவருடைய வக்கீல் எழுந்து, "தண்ணி நூறு டிகிரியில கொதிக்கும்னு ரெண்டு பேர் எழுதினா, ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட திருடினார்னு அர்த்தமா?" என்று கேட்டார். நீதிபதியே சிரித்துவிட்டார். வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் சொன்னார்: "உங்க புக்குல மட்டும் இருக்கற தப்பு ஒண்ணு அவர் புக்குலயும் இருந்துச்சுன்னு வைங்க, கையும் களவுமா மாட்டுவாரு."

இது நான் கண்டுபிடித்த வழி இல்லை. ஊர் வரைபடம் போடுகிறவர்கள், நகல் எடுப்பவரைப் பிடிக்க, இல்லாத ஒரு தெருவை வரைந்து வைப்பார்கள். நானும் அப்படிச் சாதுவாகத்தான் தொடங்கினேன். கோழி நோய்ப் புத்தகத்தில் உலகத்திலேயே இல்லாத ஒரு கோழி இனத்தைச் சேர்த்து, அதற்கு என் மாமியாரின் செல்லப் பெயரை வைத்தேன். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் கார்பன் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரை வேலைக்கு வைத்திருந்தார். அவர் அந்தக் கோழியைப் பிடித்து வெளியே விட்டுவிட்டார். கார்பன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, உங்க கோழி எங்க வீட்டுல முட்டை போடலியே" என்றார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. சொல்லாக இருந்தால் யாராவது சந்தேகப்படுவார்கள். எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. கட்டத்துக்குள் நிற்கிற எண்ணைக் கண்டால் எவ்வளவு படித்தவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அதற்காக நான் பொறுப்பில்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் புத்தகத்தை முறையாக வாங்குகிறவருக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். அதற்குத்தான் பிழைதிருத்தச் சீட்டு. பார்த்திருப்பீர்கள், அட்டைக்குள் செருகியிருக்கும் சின்னத் துண்டுக் காகிதம், இந்தப் பக்கத்தில் இந்த எண்ணை இப்படித் திருத்தி வாசிக்கவும் என்று. நகல் எடுக்கிறவர் பக்கங்களைத்தான் எடுப்பார், உதிரிக் காகிதத்தை யார் சீந்துவார்கள்? நேர்மையாக வாங்கியவருக்குச் சரியான எண், திருட்டுப் புத்தகம் வாங்கியவருக்குத் தப்பான எண். இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை.

முதலில் லிஃப்ட் புத்தகம். கம்பிவடம் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்ற எண்ணைக் கொஞ்சம் தளர்த்தினேன். எல்லோரிடமும், முதலாளியிடமும், அச்சில் நேர்ந்த பிழை என்றேன். கார்பன் அப்படியே எடுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார். அபராதம் கட்டினார். "நல்ல நேரம் பாத்து தப்பு பண்ணினய்யா" என்று முதலாளி எனக்கு இந்தக் கைக்கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தார்.

சில மாதம் கழித்து ஒரு துணிக்கடையில் லிஃப்ட் அறுந்து விழுந்தது. அதைப் பழுதுபார்த்து வந்த மெக்கானிக்தான் உள்ளே இருந்தார். பேப்பரில் படித்தேன். தெரிந்தவன்போல அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனேன். மூலையில் அவருடைய கருவிப் பை. அதற்குள் எண்ணெய்க் கறையோடு ஒரு புத்தகம். அட்டை பச்சை. எங்கள் புத்தகங்களுக்கெல்லாம் நீலம். அப்படி ஒரு நிம்மதி எனக்கு என் மகள் பிறந்தபோதுகூட வந்ததில்லை. "தப்பு வந்துடக்கூடாதுன்னு எப்பப் பாத்தாலும் அதையேதாங்க படிச்சிட்டிருப்பாரு" என்று அவர் மனைவி அழுதார். நல்ல புத்தகமாக வாங்கியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன்.

ஆனால் பயம் அன்றைக்குப் பிடித்ததுதான். லிஃப்டில் ஏறுவதில்லை. பல் டாக்டரிடம் போனால், வாயைத் திறப்பதற்கு முன் அவர் அலமாரியைப் பார்ப்பேன். பாலம் வந்தால் பேருந்தை விட்டு இறங்கி ஆற்றோரமாகவே நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். "என்னத்தைக் கண்டு இப்படி நடுங்கறீங்க?" என்று மனைவி கேட்பாள். மற்றவர்களுக்கு எங்கே எது தப்பு என்று தெரியாது, அதனால் தூங்குகிறார்கள். எனக்குத் தெரியும்.

பிறகு டாக்டரம்மாவின் கையேடு வந்தது. அவர் ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து ஆன பிறகுதான் நான் புள்ளியை நகர்த்தினேன். எல்லோருக்கும் பழக்கமான மருந்தில் கை வைக்கவில்லை. அதில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் மருந்துக்கு வலிப்பு நிற்காவிட்டால் கொடுக்கும் மருந்து ஒன்று, அபூர்வமாகத்தான் தேவைப்படும். அதனால்தான் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். நன்றாக யோசித்தே தேர்ந்தெடுத்தேன்.

சீட்டைப் பார்த்ததும் டாக்டரம்மா நேரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "இது வெறும் புள்ளி இல்ல சார், குழந்தை உயிரு. சீட்டு கீழ விழுந்துட்டா என்ன ஆகறது?" என்றார்.

"அச்சகத்துல நடந்துபோச்சும்மா. அடுத்த பதிப்புல சரி பண்ணிடறேன்."

"நீங்க பாத்துக்கிட்டா எனக்குக் கவலை இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். என்னை அவ்வளவு நம்பினார்.

இனி நீங்கள் கேட்ட நாள். அந்த வாரம் பிள்ளைகளுக்கெல்லாம் காய்ச்சல் கண்டிருந்தது. என் பேரனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. மதிய வேளை. மகள் அவனைப் பக்கத்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள், நான் பின்னாலேயே போனேன். ஒரே அறையில் இரண்டு கட்டில். இன்னொன்றில் அதே மாதிரிக் காய்ச்சலும் வலிப்புமாக ஒரு சின்னப் பெண். முதல் ஊசிக்கு இருவருக்குமே சரியாக நிற்கவில்லை. வலிப்பு விட்டுவிட்டு வந்தது. இளம் டாக்டர் ஒருவர், பொறுமையான பையன், மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். நீல அட்டை.

மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, உங்க கம்பெனி புக்குப்பா. நீங்க பாத்ததுதானே? இனிமே பயமில்ல."

டாக்டரிடம் கேட்டு வாங்கி அட்டைக்குள் பார்த்தேன். சீட்டு இல்லை. புத்தகத்தைக் கவிழ்த்து உதறினேன். எதுவும் விழவில்லை. "என்ன பெரியவரே, எனக்குப் பரீட்சை வைக்கறீங்களா?" என்று அவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நர்ஸ் மருந்தை எடுக்கப் போனார்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். என்னவென்று சொல்வது? இந்த எண் தப்பு என்றால், உங்களுக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்குப் பிறகு மெக்கானிக் வரைக்கும் போகும். பேரனை வாரித் தோளில் போட்டுக்கொண்டேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன். மகள், "அப்பா, என்னப்பா பண்றீங்க, புள்ளைய விடுங்கப்பா" என்று அலறினாள். டாக்டர் குறுக்கே வந்தார். நான் நிற்கவில்லை.

கதவுப் பக்கம் போகும்போது அந்தச் சின்னப் பெண்ணின் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் பேரன் தலையில் போட ஈரத்துணி நனைத்துக் கொடுத்தவள். "ஐயா, இங்க சரியில்லையா? நாங்களும் வந்துடவா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, நல்ல ஆஸ்பத்திரிதான். அங்க எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இருக்காரு, அதான்" என்றேன். அவள் சட்டையை விட்டுவிட்டாள்.

பேரன் பிழைத்துக்கொண்டான். இப்போது ஓடியாடிக்கொண்டிருக்கிறான். அந்த அறையிலிருந்து ஒரு குழந்தையையாவது காப்பாற்றினேன் என்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது.

மற்றவள் அன்று சாயங்காலமே போய்விட்டாள். பேப்பரில் புத்தகத்தின் படம் வந்தபோது மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்பா, அட்டையத் திறந்து என்னத்தைத் தேடினீங்க?" என்று கேட்டாள். நான் பேப்பரை வாங்கி மடித்து வைத்தேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பேரனை என்னிடம் விடுவதில்லை என்பது மட்டும்தான் தாங்க முடியவில்லை.

சீட்டு எங்கே விழுந்தது என்று கேட்கிறீர்கள். விழவில்லை சார். அது இரண்டாம் பதிப்பு. அச்சுக்குப் போகும் முன்னால் முதலாளி, "திருத்தியாச்சுல்ல, அப்ப சீட்டு எதுக்கு?" என்றார். கார்பன் அதுவரை அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவில்லை. புள்ளியைத் திருத்தினால் இவ்வளவு நாள் காத்திருந்தது வீண். சீட்டு வேண்டும் என்றால், ஏன் திருத்தவில்லை என்று துருவுவார். "ஆமா சார், சீட்டு வேணாம்" என்றேன். காசு கொடுத்து நேர்மையாக வாங்கிய அத்தனை பேருக்கும் அந்த எண்தான் போயிருக்கிறது. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்று அட்டைக்குள் தேடினேன். யாராவது பழைய சீட்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கமாட்டார்களா என்று.

மற்ற புத்தகங்களில் எங்கெங்கே என்பதை நான் எழுதி வைத்ததில்லை. மனதில் இருக்கிறது. சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மின்கம்பிப் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். அதற்கு முன்னால் அந்த மின்விசிறியை நிறுத்திவிட்டு நீங்களும் இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். காவலரையும் படியில் இறங்கச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அறிக்கையில் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாமல் ஒரு பிழைகூட என் கையைத் தாண்டிப் போனதில்லை.