பதினாலாம் நம்பர் கம்பம்

— மஞ்சள்தான் உங்க கம்பெனிக்கு உறுத்துதா, இல்ல நான் உறுத்துறேனா? அதை முதல்ல சொல்லு தம்பி.

— ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா. பாருங்கம்மா, நான் ரயில் கம்பெனியோட விளம்பரப் பிரிவு. சண்டைக்கு வரல. பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. நடுவுல ஆறு, பாலம், கரையில உங்க ஓட்டு வீடு. ஜன்னலோரம் உக்காந்திருக்கிற அத்தனை பேரும் இந்த வளைவுலதான் கேமராவைத் தூக்குறாங்க. தூக்கினா வாசல் கம்பத்துல பளிச்சுன்னு ஒரு மஞ்சள் போர்வை.

— துவைச்சா காயப் போடணும். உங்க வீட்டுல ஈரத்தோடயே மடிச்சு வைப்பீங்களோ?

— மூணு வாரமாவாம்மா ஒரே போர்வையைக் காயப் போடுவாங்க?

— கனமான போர்வை.

— சிரிக்காதீங்கம்மா, என் நிலைமையைப் பாருங்க. இன்னிக்குப் பதினொண்ணு பத்து வண்டியில எங்க சேர்மன் வர்றார். கூட எண்பது விருந்தாளி, படம் பிடிக்க நாலு பேர். சேர்மன் எஞ்சின்லயே நின்னுக்கிட்டு வர்றாராம். கையில கரி அள்ளுற மண்வெட்டியோட ஒரு போஸ்.

— தெரியும், தெரியும். விடிஞ்சதுலேர்ந்து மேல் ஸ்டேஷன்ல பேண்டு அடிச்சுப் பழகுறாங்க. என் ஆடு ரெண்டும் மேயாம வாயைப் பொளந்துட்டு நிக்குது.

— முன்னாடியெல்லாம் நீங்க வெள்ளைத் துணிதானே போடுவீங்க? எங்க விளம்பரப் புத்தகத்து அட்டையிலயே இருக்கு, பாருங்க. வீடு, இரும்புக் கம்பம், கம்பத்துல வெள்ளைத் துணி, பின்னாடி புகை விட்டுக்கிட்டு எஞ்சின். இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான் டிக்கெட் எடுக்குறாங்கம்மா ஜனங்க.

— காட்டு. அட, நல்லாத்தான் எடுத்திருக்காங்க. நான் எங்க?

— நீங்க... ஓரத்துல இருந்தீங்கம்மா. அட்டையில அடங்கலன்னு வெட்டிட்டாங்க.

— அதானே பாத்தேன். வேலையிலேர்ந்து வெட்டினீங்க, இப்ப படத்துலேர்ந்தும் வெட்டியாச்சு. வீடு அழகா இருக்குன்னு இடிக்காம விட்டீங்க. உள்ள இருக்கிறவதான் உதவாதவளாப் போயிட்டா.

— நீங்க ரயில்ல வேலை பாத்தீங்களா?

— இதுகூடத் தெரியாமலா வந்தே? பத்தொம்பது வருஷம். இது லைன் காவலுக்குக் கட்டின வீடு. தினம் காலையில இங்கேர்ந்து கிளம்பிப் பாலம் தாண்டி, குகை வரைக்கும் நடப்பேன். கையில சுத்தியல். தண்டவாளத்து போல்ட்டை ஒவ்வொண்ணாத் தட்டிப் பாக்கணும். தளர்ந்திருந்தா சத்தமே வேற. உங்க கம்பெனி இந்த லைனை வாங்கின வருஷம், இனிமே மெஷின் பாத்துக்கும், நீ வீட்டுக்குப் போன்னாங்க. மெஷின் வந்துச்சா?

— ஏற்பாடு நடந்துட்டு இருக்குன்னு கேள்வி.

— எட்டு வருஷமா நடக்குது. மெஷினுக்குக் கால் வலி போல.

— அம்மா, கையில என்ன ரத்தம்?

— கண்ணாடி கீறிடுச்சு. அதைத்தான் சொல்ல வரேன், நீ போர்வையை விட்டு நகர மாட்டேங்கிற. பாலத்துல மூணாவது தூண் இருக்கே, அதுல விரிசல். மூணு வாரம் முன்னாடி ஆத்துல பெரிய தண்ணி வந்துச்சே, அதுலேர்ந்து. விரலை விட்டா முதல் கணு வரைக்கும் போகுது.

— அதை இன்ஜினியர் வந்து பாத்துட்டாரும்மா. சர்டிபிகேட்டும் குடுத்தாச்சு.

— எங்கேர்ந்து பாத்தாரு? கரையில நின்னு பாத்தாரு, பூட்ஸ் நனையாம. நான் இடுப்பளவு தண்ணியில இறங்கினேன். விரிசலுக்குக் குறுக்க ஒரு கண்ணாடிப் பட்டையை வச்சு, ரெண்டு முனையிலயும் சிமெண்டு பூசிட்டு வந்தேன். லைன்ல வேலை பாத்த யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. தூண் அசையலன்னா கண்ணாடி முழுசா இருக்கும். மயிரிழை அசைஞ்சாலும் விரிசல் விட்டுடும். நேத்து சாயங்காலம் வரைக்கும் முழுசா இருந்துச்சு.

— இப்ப?

— காலையில போய்ப் பாத்தா ரெண்டா நிக்குது. இந்தா, அதுல ஒரு துண்டு. என் விரலைக் கிழிச்சது இதுதான்.

— ஏதாவது மரக்கட்டை மிதந்து வந்து இடிச்சிருக்கும்மா.

— கட்டை இடிச்சா நொறுங்கும். இது கத்தியால வெட்டின மாதிரி நேரா விட்டிருக்கு. நம்பலன்னா வா, அஞ்சு நிமிஷ நடை, கண்ணால பாத்துடு.

— இந்த ஷூவோடயா? பாருங்கம்மா, நான் விளம்பரம். தூண் என் டிபார்ட்மெண்ட் இல்ல.

— யார் டிபார்ட்மெண்டோ அவங்களுக்கு மூணு லெட்டர் போட்டேன். முதல் லெட்டருக்குப் பதிலே இல்ல. ரெண்டாவதுக்கு, எங்கள் சேவையில் ஆர்வம் காட்டியமைக்கு நன்றின்னு வந்துச்சு. மூணாவதுக்கு ஒரு காலண்டர் வந்துச்சு.

— அது... நான்தாம்மா அனுப்பினேன்.

— உள்ள மாட்டியிருக்கேன். படம் அருமை. அதே பாலம்தான்.

— என்னை என்னம்மா பண்ணச் சொல்றீங்க?

— போன் இருக்குல்ல? உங்க மேலிடத்துக்குப் பேசு. என் எதிர்லயே பேசு. கண்ணாடி உடைஞ்சிருக்கு, இன்னிக்கு வண்டியை இந்தக் கரையிலயே நிறுத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு.

— சரி, உங்க திருப்திக்கு. ஹலோ... சார், நான்தான் சார். ஆமா சார், வளைவு வீட்டுலதான். இன்னும் எடுக்கல சார். அந்தம்மா என்ன சொல்றாங்கன்னா, மூணாவது தூண்ல... கண்ணாடி சார்... இல்ல சார், ஜன்னல் கண்ணாடி இல்ல... சரி சார். நான் இன்ஜினியர் இல்லதான் சார். புரியுது சார். சார்... வச்சுட்டார்.

— என்ன சொன்னாரு?

— சர்டிபிகேட் மாசக் கடைசி வரைக்கும் செல்லுமாம். வானமே இடிஞ்சாலும் இன்னிக்கு வண்டி மேல் ஸ்டேஷன் போய்ச் சேரணுமாம். வண்டி வர்றதுக்குள்ள மஞ்சள் போகலன்னா நான் போகணுமாம்.

— அடேங்கப்பா. போர்வையையும் உன்னையும் ஒரே தராசுல வச்சுட்டாரே.

— இன்னொண்ணும் சொன்னார். மூணு வாரமா வண்டி தினம் ஒன்பது நிமிஷம் லேட்டாம். பாலத்து மேல மட்டும் ஆமை மாதிரி ஊருதாம். டிரைவரைக் கேட்டா நீராவி பத்தலைங்கிறாராம். இனி காரணமில்லாம எங்கயாவது மெல்லப் போனாலோ நிறுத்தினாலோ வேலை போயிடும்னு அவர்கிட்ட எழுதி வாங்கிட்டாங்களாம்.

— எழுதி வாங்கிட்டாங்களா? கையெழுத்துப் போட்டாரா?

— போட்டுட்டாராம். உங்களுக்கு என்னம்மா அவர் மேல இவ்வளவு அக்கறை?

— என் வீட்டுக்காரர்.

— டிரைவரா?!

— எட்டு வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. என்னை வீட்டுக்கு அனுப்பின அன்னிக்கு, என் பொண்டாட்டிக்கு இல்லாத வேலை எனக்கு எதுக்குன்னு தொப்பியைக் கழட்டி எறிவாருன்னு நினைச்சேன். எறியல. எஞ்சினை விட்டுட்டு வர முடியாதுன்னாரு. அப்ப அதுகூடவே குடும்பம் நடத்துய்யான்னு கதவைச் சாத்திட்டேன். கோபம் இன்னும் ஆறல தம்பி. ஆனா எண்பது பேரோட அந்த ஆளும்தானே இன்னிக்கு அந்தத் தூண் மேல போறாரு.

— பயப்படாதீங்கம்மா. ஒண்ணும் ஆகாது. நேரமாச்சு, நான் ஒரு வெள்ளை விரிப்பு கொண்டு வந்திருக்கேன், புத்தம் புதுசு. மஞ்சளை எடுத்துட்டு இதைப் போட்டுடலாம். அப்புறம் நீங்களே வச்சுக்குங்க.

— வெள்ளை போட மாட்டேன்.

— ஏம்மா? அட்டைப்படத்துல...

— அந்தப் படம் எடுத்தப்பத் தூண் நல்லா இருந்துச்சு. இன்னிக்கு இந்தக் கம்பத்துல வெள்ளை ஏறாது.

— இது உங்க கம்பம் இல்லம்மா, கம்பெனிக் கம்பம். பதினாலாம் நம்பர்னு பித்தளைத் தகடு அடிச்சிருக்கு பாருங்க. வீடும் கம்பெனியோடதுதான். மேலிடம் நினைச்சா நாளைக்கே உங்களைக் காலி பண்ணச் சொல்லலாம். நான் சொல்லல, அவங்க சொல்லச் சொன்னாங்க.

— சொல்லிட்டேல்ல, இறக்கி வச்சாச்சா? நல்லாக் கேட்டுக்கோ. என் சாமானையெல்லாம் அள்ளி ஆத்துல போட்டாலும் வெள்ளை போட மாட்டேன்.

— அப்ப தள்ளுங்க, நானே போட்டுக்கறேன்.

— இரு, இரு. அந்தத் துணியை இங்க குடு பாப்போம். நல்ல துணிதான். வழுவழுன்னு இருக்கு.

— அம்மா! என்ன பண்றீங்க? ஐயோ, புது விரிப்பைச் சாம்பல் தண்ணி வாளியில முக்கிட்டீங்களே!

— புதுத் துணியில கஞ்சி இருக்கும். ஊறட்டும்.

— நீங்க வேணும்னேதான் பண்றீங்க.

— ஆமா, வேணும்னேதான். இப்ப விஷயத்துக்கு வா. உனக்கு மஞ்சள் போகணும், அவ்வளவுதானே? எடுத்துக்கோ.

— நிஜமாவா?

— நிஜமாத்தான். மஞ்சளும் வேணாம், வெள்ளையும் வேணாம். கம்பம் மொட்டையா நிக்கட்டும். ஆனா என் கை அதைத் தொடாது. நீ எடு. எடுக்கிறதுக்கு முன்னாடி எழுதிக் குடு.

— ஒரு போர்வைக்கு எழுத்துல வேணுமா?

— உங்க கம்பெனி என் வீட்டுக்காரர்கிட்ட எழுதி வாங்கலாம், நான் உன்கிட்ட வாங்கக் கூடாதா? நாளைக்கே உங்க ஆளு ஒருத்தன் வந்து, கம்பெனிக் கம்பத்துல யாரைக் கேட்டுக் கை வச்சேம்பான். இரு, அந்தக் காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சுட்டு வரேன், பின்பக்கம் எழுது.

— சொல்லுங்க.

— பதினாலாம் நம்பர் கம்பத்தில் இருந்த துணியைக் கம்பெனி உத்தரவுப்படி நான் அகற்றுகிறேன். நேரம் போடு.

— பத்து ஐம்பதுன்னு வச்சுக்கலாமா?

— மணி என்ன?

— பத்து ஐம்பத்திரண்டு.

— அப்ப ஐம்பத்திரண்டுன்னே போடு. ரயில் காரியத்துல ரெண்டு நிமிஷம்னா ரெண்டு நிமிஷம்தான். கையெழுத்து. பதவி. பையில சீல் இருக்குமே?

— இருக்கு. இந்தாங்க, சீலும் வச்சாச்சு. ஒரு போர்வைக்கு இவ்வளவு பண்ணினது உலகத்துலயே நான் ஒருத்தன்தான்.

— ஏணி கொஞ்சம் ஆடும். பாத்து ஏறு.

— பிடிச்சுக்குங்கம்மா... ஆச்சு. எடுத்தாச்சு! இப்பப் பாருங்க. கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு. என் மேல கோபம் இல்லியே?

— கோபம் மூட்டை மூட்டையா இருக்கு. உன் மேல இல்ல. அந்தப் புத்தகத்துல என்ன எழுதியிருக்கு? படி, வண்டி வர்ற வரைக்கும் கேப்போம்.

— நான்தாம்மா எழுதினேன். "நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓடிய அதே எஞ்சின், அதே பெட்டிகள், அதே விதிகள். அன்றைய விதிகளில் ஒன்றுகூட இன்றுவரை மாற்றப்படவில்லை." அந்த விதிப் புத்தகத்தோட அசலை எஞ்சின்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள மாட்டியிருக்கோம். வர்றவங்க எல்லாம் அது பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க.

— நீ படிச்சிருக்கியா அதை?

— எதை, விதிப் புத்தகத்தையா? அதை யாரும்மா படிப்பா? அது பாரம்பரியம்.

— விசில் கேக்குது. கீழ் வளைவு திரும்பியாச்சு.

— வந்துட்டாங்க! கை ஆட்டுங்கம்மா, வீட்டுக்காரம்மா கையாட்டினா படத்துல நல்லா இருக்கும். என்னம்மா, கையாட்டாம எஞ்சினையே பாக்குறீங்க?

— அன்னிக்கு எஞ்சினா நானான்னு வந்தப்ப எஞ்சின்னாரு. இன்னிக்கு என்ன சொல்றாருன்னு பாக்கணும்.

— நீங்க என்ன பேசறீங்கன்னே புரியல... இது என்ன சத்தம்? பிரேக் மாதிரி... அம்மா, வேகம் குறையுது. அம்மா, நிறுத்துறார்! பாலத்துக்கு முன்னாடியே நிறுத்திட்டார்! இங்க ஸ்டேஷனே கிடையாதே! கம்பத்துல ஒண்ணுமே இல்லியே, எதைப் பாத்து நிறுத்தினார்?

— ஒண்ணுமே இல்லாததைப் பாத்துத்தான். வெள்ளைன்னா போகலாம். மஞ்சள்னா மெல்லப் போகணும், அதான் உங்க ஒன்பது நிமிஷம். கம்பத்துல துணியே இல்லன்னா, பாலத்துக்கு என்னவோ ஆச்சு, இல்ல காவல்ல இருந்தவளுக்கு என்னவோ ஆச்சுன்னு அர்த்தம். ஒரு அடி நகரக் கூடாது. முப்பத்தோராம் விதி. ஒண்ணுகூட மாத்தலன்னு எழுதினது யாரு?

— ஐயோ... காரணமில்லாம நிறுத்தினா அவர் வேலை போயிடும்மா! அதோ, டிரைவர் தலையை வெளிய நீட்டுறார்!

— பதினாலாம் நம்பர்! கம்பத்துல துணி இல்ல! விதிப்படி வண்டி நின்னாச்சு! காரணம் சொல்லு!

— மூணாவது தூண் அசைஞ்சிருச்சுய்யா! கண்ணாடி விட்டுடுச்சு! எட்டு வருஷம் கழிச்சுப் பேசுறே, அப்பவும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவியா?

— அதுக்கு அப்புறம் வரேன்! இங்க சேர்மன் குதிக்கிறாரு! யார் உத்தரவுல துணியை எடுத்தேன்னு கேக்குறாரு!

— அம்மா, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், அந்தத் தாளை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்க...

— கம்பெனி உத்தரவுன்னு சொல்லுய்யா! பத்து ஐம்பத்திரண்டுக்கு, சீலோட இருக்கு!