கீழே ஒரு சாண்

பழைய காகிதத்தை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, ஐயா. உங்கள் அறையில் இருக்கும் அந்தப் படம்கூடக் கொஞ்ச நாளில் வெளுத்துவிடும். எதிர்ச் சுவருக்கு மாற்றிவிடுங்கள்.

நானும் தம்பியும் செய்துவந்தது இந்த வேலைதான். ஒரு காலத்தில் பத்திரிகைகள் தங்களை விளம்பரப்படுத்த அச்சடித்து ஒட்டிய சுவரொட்டிகளைத் தேடிப் பிடித்து, கிழிசலை ஒட்டி, சட்டம் போட்டு, வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் அலங்காரமாகக் கொடுப்போம். தேடுவதும் பேசி விற்பதும் அவன். ஒட்டுவது நான்.

நீங்கள் கேட்கும் அந்தச் சுவரொட்டி ஆளுயரம். கொட்டும் மழையில், நனைவதுகூடத் தெரியாமல் ஒரு பெண் நாளிதழை விரித்துப் படித்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய ஈரப் பாதங்களுக்குக் கீழே பத்திரிகையின் பெயர். மடிப்பு மடிப்பாக இற்றுப்போய் வந்ததை ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து சேர்த்தேன்.

வாங்க வந்த ஓட்டல்காரர் வரவேற்பறைச் சுவரில் ஒதுக்கிய இடத்துக்கு அது ஒரு சாண் அதிகம். கீழே வெட்டிக்கொள்ளலாம் என்று தம்பி என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்தான்.

“கால்தானே அண்ணே. யாரு குனிஞ்சு பாக்கப் போறா?”

வேண்டாம் என்றேன். சிரித்தான். நல்ல சிரிப்பு அவனுக்கு. எதிரில் இருப்பவர் கோபத்தை மறந்துவிடுவார். நானும் கோபப்படவில்லை.

பட்டறையின் பின்னால் இரும்புக் கதவு போட்ட சின்ன அறை உண்டு. காகிதத்தில் பூச்சி விழுந்தால் அங்கே வைத்து மருந்துப் புகை விடுவோம். ஜன்னல் கிடையாது. கொண்டியும் புகை விடும் விசையும் வெளியே. சுவரொட்டி அங்கேதான் இருந்தது. தம்பி கத்தரிக்கோலோடு உள்ளே போனான். நான் கொண்டியைப் போட்டேன். கொஞ்சம் யோசிக்கட்டும் என்றுதான்.

“அண்ணே, விளையாடாதே. திற.”

வெட்ட மாட்டேன் என்று சொல்லச் சொன்னேன். உடனே சொன்னான். அவ்வளவு சீக்கிரம் சொன்னதால்தான் நம்ப முடியவில்லை. விசையைத் தட்டினேன்.

முதலில் கதவைத் தட்டினான். பிறகு தோளால் இடித்தான். அம்மாவைக் கூப்பிட்டான், அவள் போய்ச் சேர்ந்து வருஷங்களாகின்றன. பிறகு இருமலுக்கு நடுவே, “திறக்கலேன்னா இதைக் கிழிச்சுப்போட்டுடுவேன்” என்றான்.

கொண்டியில் கையை வைத்தபடி கதவில் காதை ஒட்டிக்கொண்டேன். பழைய காகிதம் கிழியும் சத்தம் எனக்கு அத்துப்படி. சருகு முறிவதுபோல் இருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அதற்காகவே காத்திருந்தேன். இருமல் கேட்டது. நகம் இரும்பைப் பிறாண்டுவது கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

புகை அடங்கியதும் திறந்தேன். தம்பி வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தான். சுவரொட்டியை முழுசாகச் சுருட்டி, மிதிபடாமல் மேல்தட்டில் வைத்திருந்தான்.

ஒரு சின்னக் கிழிசல் சத்தம் கேட்டிருந்தால் போதும், ஐயா, அந்த நொடியே திறந்திருப்பேன். அவன் கிழிக்கவில்லை. அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?