கண்ணாடியில் இரண்டு துண்டுகள்

கை கழுவாமல் எதையும் தொடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. உள்ளே வந்ததும் இந்த மேசையைக் கைக்குட்டையால் துடைத்தேனே, அதைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்ஸ்பெக்டர். யாரோ இங்கே டீயைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் எறும்பு செத்து மிதந்தது.

ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக டெக்னீஷியன் நான். நோயாளியிடம் வெட்டியெடுத்த சதை என்னிடம் வரும். அதை மெழுகில் பதித்து பிளாக் ஆக்கி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் ஏற்றிக் கொடுப்பேன். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். என்னோடு வேலை செய்கிறவர்கள் சதை கிடந்த மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

நீங்கள் கேட்பது ஒரே ஒரு சாயத்தைப் பற்றி. செல்களைப் பக்கத்துச் செல்லோடு ஒட்டி நிற்கவைக்க ஒரு புரதம் உண்டு. அது இருக்கிற இடத்தில் இந்தச் சாயம் பழுப்பாக ஏறும். மார்பகப் புற்றுநோயில் சிலருக்கு அந்தப் புரதம் போய்விடும். அப்போது செல்கள் கழன்று, ஒன்றன் பின் ஒன்றாக நடையைக் கட்டும். ஸ்கேனுக்குச் சரியாக அகப்படாது, வழக்கமான மருந்துக்கும் அவ்வளவாக மசியாது. அகலமாக வெட்ட வேண்டும், மருந்தை மாற்ற வேண்டும். சந்தேகமான கட்டி என்றால் டாக்டர் அந்தப் பழுப்பை நம்பித்தான் முடிவெடுப்பார்.

சாயம் ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, நிச்சயமாகப் பழுப்பாகும் வேறொரு துண்டையும் நோயாளியின் துண்டுக்குப் பக்கத்தில், அதே ஸ்லைடில் வைப்போம். கண்ட்ரோல் என்போம். எங்கள் கூடத்தில் கண்ட்ரோல் என்னுடைய கட்டிதான். எட்டு வருடத்துக்கு முன் எனக்கும் வந்தது. ஒட்டு விடாத ரகம். பிழைத்துக்கொண்டேன். மிச்சமிருந்த பிளாக்கை நானே கையெழுத்துப் போட்டுக் கூடத்துக்குக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அவ்வளவு அழகான பழுப்பு வேறு எதிலும் வராது.

அப்போது வீட்டில் நாலு பேர். நானும் கணவரும், கொழுந்தனும் அவன் மனைவியும். சிகிச்சை முடிந்து நான் வீடு திரும்பிய அன்றைக்கே, என் ஓரகத்தி எனக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்தாள். கொடியில் கிடந்த என் டவலை இரண்டு விரல் நுனியால் தூக்கி, பழைய பேப்பரில் சுருட்டிப் போட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க அக்கா. இது ஒட்டிக்கிற வியாதி இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா பாத்தாலே ஒரு மாதிரி வருது" என்றாள்.

நான் தப்பாக நினைக்கவில்லை. அருவருப்பு யாருக்கும் வருவதுதான். இத்தனைக்கும் அவள் ஒன்றும் சுத்தக்காரி இல்லை. அடுப்படியில் நின்று தலை வாருவாள். கரண்டியை நக்கிவிட்டு அப்படியே பாத்திரத்தில் விடுவாள். மூன்றாம் மாதம் கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டாள்.

போன வருடம் அவளுக்கும் மார்பில் கட்டி. எங்கள் ஆஸ்பத்திரிக்கே வந்தார்கள். "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் அண்ணி இருக்கேன்" என்று கொழுந்தன் அழுதான்.

அவள் துண்டுக்குச் சாயம் ஏற்றினேன். பழுப்பு மருந்துக்குக்கூட இல்லை. செல்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. யாரோடும் ஒட்டாத ரகம். எனக்கு ஆச்சரியமே இல்லை. அந்த ஸ்லைடைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தேன். கண்ட்ரோல் இடத்தில் என் கட்டி. அவள் துண்டு இருக்கவேண்டிய இடத்திலும் என் கட்டி. மேலே அவள் எண்ணை எழுதினேன்.

டாக்டர் பார்த்தார். "ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி இருக்கு. ஒட்டு நல்லா இருக்கும்மா, பயப்பட வேணாம்னு வீட்ல சொல்லிடுங்க" என்றார்.

நானும் சொன்னேன்.

ஏன் செய்தேன் என்றால், குடும்பம் ஒன்றாக இருக்கட்டும் என்றுதான். பெரிய அறுவை, புது மருந்து என்றால் வெளியூருக்குப் போயிருப்பார்கள். சின்ன அறுவை என்றதும் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார்கள். ஏழு வருடம் கழித்து நாலு பேரும் ஒரே கூரைக்குக் கீழே.

வழக்கமான மருந்து பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது, பலன் ஒன்றும் இல்லை. ஆறாம் மாதம் வயிற்றுக்குள் பரவி நீர் கோத்துக்கொண்டது. வாந்தி, நாற்றம், நனைந்த படுக்கை. எல்லாவற்றையும் நானே துடைத்தேன், கையுறை போட்டுக்கொண்டு. தண்ணீரை அந்தப் பழைய டம்ளரில்தான் புகட்டினேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

"எனக்கும் உங்க ரகம்தானே அக்கா? நீங்க பிழைச்சுட்டீங்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

"சில பேருக்கு நேரமாகும்" என்றேன்.

கொழுந்தன் மனசு கேட்காமல் அவளுடைய பிளாக்கை வாங்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே புதிதாகச் சீவிப் பார்த்தார்கள், பழுப்பே ஏறவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிளாக்கை நான் அப்போதே தொலைத்திருக்கலாம். அந்த மாதிரி ஈனத்தனம் எனக்கு வராது.

எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியது நான்தான். தெரிந்தே மாற்றினேன். அவள் செத்துப்போவாள் என்பதும் தெரியும். ரிப்போர்ட்டில் ஓர் எழுத்து பொய்யில்லை, அது என் கட்டியைப் பற்றியது, அவ்வளவுதான். என் டம்ளரைத் தொடக் கூசியவள், என் சதையைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு பதினொரு மாதம் அதையே நம்பிக் கிடந்தாள்.

அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. நேற்று நீங்கள் என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பியபோது, அவள் டவலைத்தான் கொடியிலிருந்து இரண்டு விரலால் எடுத்துப் பேப்பரில் சுருட்டிக்கொண்டிருந்தேன்.